மஸ்கட்டில் கை நனைக்காமல் ஒரு மதியம்

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் ரூவி என்கிற பகுதியில், என் மகன் ஜெபின் குடியிருக்கும் வீட்டில் விடியுமுன் எழுந்தேன். பல் தேய்த்து, ஜெபம் செய்து, ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தேன். பிறகு நாட்குறிப்பைத் திறந்தேன். தேதிக்குக் கீழே அன்றைய வானிலையை எழுதுவது என் வழக்கம். அதற்காகப் பால்கனிக் கதவைத் திறந்தேன். கல்யாண வீட்டில் இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கினால் முகத்தில் என்ன அடிக்குமோ அது அடித்தது. கதவை மூடிவிட்டு, 'வானம் தெளிவு. காற்று இல்லை. சூடு உண்டு' என்று எழுதினேன். (கல்லூரி நூலகர் நான். எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் கிடையாது.)

வெளிநாடு போகிறவர்கள் ஊறுகாயும் வற்றலும் கட்டிக்கொண்டு போவதில் தவறில்லை. சொந்த ஊர் வெயிலையும் அளவுகோலாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதுதான் தவறு. நான் அப்படிப் போனவள்.

"டிசம்பர்ல வாங்கம்மா. ஜூலையில இங்க தாங்காது" என்று ஜெபின் போனில் பல தடவை சொல்லியிருந்தான்.

"லேய், நான் மணவாளக்குறிச்சியில பொறந்தவ. கருமணல்ல செருப்பில்லாம நடந்தவ. எனக்கு நீ வெயில் படிச்சுத் தாறியா?"

"இது அந்த வெயில் இல்லம்மா."

"வெயில்ல என்னலே வகை இருக்கு?"

பக்கத்தில் நின்ற என் கணவர் தங்கராஜ், "அங்க இருக்கியவன் சொல்லுகான், கேளேன்ட்டி" என்றார்.

"நீங்க சும்மா இருங்க."

சும்மா இருந்தார். (அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.)

எங்கள் ஊரில் ஜூலை என்பது சாரல் மாதம். ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் காற்றில் குடை பிடித்தால் குடைதான் நம்மைப் பிடித்துக்கொண்டு போகும். அந்த ஜூலையை நினைத்துக்கொண்டுதான் டிக்கெட் போடச் சொன்னேன். எனக்கு அவசரம் இருந்தது. ஜெபின் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தான். 'கோயிலில் பார்த்தேன், பிடித்திருக்கிறது, நீங்கள் வந்து பேச வேண்டும்' என்றான். அவர்கள் டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்றும் சொன்னான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லீவுக்கு வருகிறவர்களை ஊரில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லோரும் சென்ட் அடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருப்பார்கள். ஒரு வீட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அந்த வீட்டிலேயே போய் உட்கார வேண்டும்.

பெண்ணின் பெயர் அனிஷா. ஒரு கிளினிக்கில் நர்ஸ். அப்பா வின்சென்ட், அம்மா ஸ்டெல்லா. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கருங்கல். அனிஷா பிறந்து வளர்ந்தது மஸ்கட்டில். படிப்புக்காகப் பெங்களூரில் இருந்த சில வருடங்களைத் தவிர அவள் வேறெங்கும் குடியிருந்ததில்லை.

என் மனதில் கிடந்த முள் இதுதான். ஐந்து வருடத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லித்தான் ஜெபின் விமானம் ஏறினான். அந்த ஐந்து வருடமும் முடிந்திருந்தது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் அவனுடைய அறையை இன்றும் வாரம் தவறாமல் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். மஸ்கட்டில் வேர்விட்ட ஒரு பெண்ணை அவன் கட்டினால், அந்த அறையில் விருந்தாளியாகத்தான் வந்து படுப்பான். ஆகவே அந்தப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அதற்கு எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு.

பெண் பார்க்கப் போகிற வீட்டில், சம்மதம் சொல்லும்வரை கை நனைக்கக் கூடாது. அதாவது, சாப்பிடக் கூடாது. பல வீடுகளில் இதைச் சோறோடு நிறுத்திக்கொண்டு காப்பியை விட்டுவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இன்னும் அந்தச் சலுகை வரவில்லை. காப்பி கிடையாது. பச்சைத் தண்ணீரும் கிடையாது. குடித்தால் சம்மதம். குடிக்காமல் எழுந்து 'பிறகு சொல்லுகோம்' என்றால், வேண்டாம் என்று அர்த்தம். ஒருவர் மனதையும் முகத்துக்கு நேராக நோகடிக்காமல் மறுக்க இதைவிட நாகரிகமான வழி இருக்க முடியாது என்று நான் நம்பியிருந்தேன்.

அன்று காலை அந்த நம்பிக்கையோடு பட்டுச்சேலை கட்டினேன். அரக்கு நிறம், அகலக் கரை. ஜெபின் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தான்.

"காட்டன் சேலை ஏதாவது உடுத்துங்கம்மா."

"பெண்ணு பாக்கப் போற வீட்டுக்குக் காட்டன்லயா போவாங்க? நம்மள என்ன நினைப்பாவ?"

"வெயில்னு நினைப்பாவ."

வெயிலுக்கு என்று நான் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்றே ஒன்று. தலை சூடாகாமல் இருக்க உச்சியில் தேங்காய் எண்ணெயை நன்றாகப் பிடித்தேன். இன்னொன்றும் செய்தேன், அது வெயிலுக்காக அல்ல. புதிதாகப் போகிற வீட்டில் பாத்ரூம் எங்கே என்று கேட்கிற நிலை வரக் கூடாதே என்று, விடியற்காலையில் குடித்த அந்த ஒரு டம்ளர் காப்பிக்குப் பிறகு எதையும் குடிக்கவில்லை. உடம்பைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே மீதியை ஊகித்துவிடலாம்.

அந்த ஊரில் ஆராதனை வெள்ளிக்கிழமையில். கோயிலுக்குள் ஏசி ஓடியதால் பிரசங்கம் முடியும்வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. 'இதுக்குத்தானா இந்தப் பயல் இத்தனை பயம் காட்டினான்' என்று நினைத்தேன். அங்கிருந்து காரில் ஏறி நேராகப் பெண் வீட்டுக்குப் போனோம். அவர்கள் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருந்தது.

காரைவிட்டு இறங்கிய நொடியில் உலகம் வெள்ளையாகிவிட்டது. கணவரும் மகனும் கட்டடங்களும் மறைந்துபோனார்கள்.

"ஜெபின், பனி இறங்குதுலே."

"பனி இல்லம்மா. உங்க கண்ணாடிதான். கழட்டித் துடையுங்க."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தேன். பட்டு ஈரத்தை எடுக்காது என்பது எனக்கு அதுவரை தெரியாது. தலையிலிருந்து கழுத்து வழியாக இறங்கிய எண்ணெய் முந்தானையில் இருந்தது என்பதும் தெரியாது. துடைத்து முடித்தபோது பனி போய் எண்ணெய்ப் படலம் வந்திருந்தது. முதலில் வெள்ளையாகத் தெரிந்த உலகம் இப்போது அலையடித்தது.

பட்டுச்சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டு காலை எடுத்து வைக்க விடவில்லை. வியர்வை வருவதை நான் குறை சொல்லவில்லை. மணவாளக்குறிச்சியிலும் வியர்க்கும். ஆனால் அங்கே கடல்காற்று ஒரு வீச்சில் அதைக் காயவைத்துவிடும். இங்கே வந்த வியர்வை போக இடமில்லாமல் என்மேலேயே குடியிருந்தது. அதற்கு மேல் புதிதாக வந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் அதுவும் நனைந்தே வந்தது.

"ஏட்டி, நெல்லு அவிக்கும்போ அண்டாக்குள்ள இருந்து பாத்தா இப்பிடித்தான் இருக்கும், இல்லியா?" என்றார் என் கணவர்.

நான் ஒட்டிய சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.

லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வாசலில் ஒருவர் நின்றார். உருவம் தெரிந்தது, முகம் நெளிந்தது. வின்சென்ட் என்று முடிவு செய்து, கைகூப்பி, ஊரிலேயே யோசித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். பிற்பாடு மறுப்பதற்கும் வசதியாக இருக்கட்டும் என்று அமைத்த வாக்கியம் அது.

"எல்லாம் கர்த்தர் சித்தப்படிதான் நடக்கும். நம்ம கையில ஒண்ணும் இல்ல."

அவர் பெருமூச்சு விட்டார். "சரியா சேச்சி. இனி ஒண்ணும் செய்யான் இல்ல. கம்ப்ரஸர் போயி."

ஏசி பழுதுபார்க்க வந்த மலையாளி. ஏணியின் மேல் கை வைத்துக்கொண்டு மிகுந்த துக்கத்தோடு என்னைப் பார்த்தார். ஜெபின் பின்னால் திரும்பிக்கொண்டான். சுவரைப் பார்த்துச் சிரித்தான் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

உள்ளேயிருந்து ஸ்டெல்லா ஓடி வந்தார். "வாருங்க அக்கா, வாருங்க. இந்தச் சவம் ஏசி இன்னைக்கின்னு பாத்து நின்னு போச்சு. நல்லாத்தான் ஓடிச்சு, காலத்த படார்னு ஒரு சத்தம்." பின்னாலேயே உண்மையான வின்சென்ட் வந்து, "அண்ணாச்சி, மன்னிக்கணும்" என்று என் கணவரின் கையைப் பிடித்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். அவர் சட்டையும் நனைந்திருந்தது.

"பெட்ரூம்ல ஏசி உண்டு அக்கா. அங்க வந்து இரியுங்க" என்றார் ஸ்டெல்லா.

முதல்முறை வந்த வீட்டில் படுக்கையறைக்குள் போய் உட்காருவதா? "இல்ல, இங்கேயே காத்து இருக்கே" என்று சொல்லி ஹாலில் சோபாவில் அமர்ந்தேன். மேலே மின்விசிறி சுழன்றது. அது அந்த அறையிலிருந்த சூட்டை எடுத்து எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டது.

"இச்சிரி வெள்ளம் குடியுங்க அக்கா." ஸ்டெல்லா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை நீட்டினார். வெளிப்புறம் முழுக்க முத்து முத்தாகக் குளிர்ந்திருந்தது.

"வேண்டாம். இப்பம்தான் குடிச்சேன்." (ஆராதனை முடிந்து வந்த வாயால் சொன்ன பொய்.)

"நாரங்கா பிழிஞ்சு தரட்டா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"மோரு?"

"இருக்கட்டும்."

ஸ்டெல்லாவின் முகம் அந்த 'இருக்கட்டும்'இல் விழுந்தது. என் கண்ணாடிப் படலத்தின் வழியாகவே எனக்கு அது தெரிந்தது. கருங்கல்காரருக்கு இந்த வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வின்சென்ட் மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு பழைய நாட்காட்டி அட்டை ஒன்றை எடுத்து எனக்கு வீசத் தொடங்கினார். என் கணவர் அந்த வீச்சு படுகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குள் எலுமிச்சைச் சாறு தட்டில் வந்துவிட்டது. யாரும் எடுக்கவில்லை. ஜெபினும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். கழற்றிய மூடியைத் திரும்ப மாட்ட ஏணியில் நின்ற மெக்கானிக் சற்று நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"சேச்சி குடிக்கலேன்னா நான் குடிச்சோளாம்."

ஒரு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அந்தச் சத்தம் என் காதில் வாய்க்காலில் மடை திறந்த மாதிரி விழுந்தது. குடித்து முடித்து, 'ஹா' என்றும் சொன்னார். பிறகு இரண்டாவது டம்ளரை எடுத்தார்.

"முகம் கழுவிட்டு வாறேன்" என்று என் கணவர் எழுந்து போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்தபோது முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. குளிர்ந்த தண்ணீரில் கழுவியிருப்பார் என்று பொறாமைப்பட்டேன்.

அனிஷா வந்து எதிரில் உட்கார்ந்தாள். சாதாரணச் சுரிதார், பின்னிய முடி, நேராகப் பார்க்கிற கண். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். வேலை எப்படி, சமைக்கத் தெரியுமா, கோயிலில் பாடுவாயா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கடைசியாக, எனக்குத் தேவைப்பட்ட ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"நம்ம ஊர்ல வந்து இருக்க உனக்கு முடியுமா?"

ஜெபின் அவளைப் பார்த்தான். முடியும் என்று சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவள் அவனைப் பார்க்கவில்லை.

"தெரியாது ஆன்ட்டி. லீவுக்கு வந்து நின்னதுதான். முடியும்னு சொன்னா பொய்யாயிடும்."

நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பதில் அது. அதனாலேயே எனக்கு வேலை சுலபமானது. எழுந்து நின்றேன். 'அப்பம் பிறகு சொல்லுகோம்' என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. 'அப்பம்' வரைக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மற்றவர்கள் சொல்லித்தான் முழுமையாக அறிந்தேன். தரை சாய்ந்தது. பிடிமானத்துக்குக் கையை நீட்டினேன். கையில் ஜன்னல் திரை அகப்பட்டது. திரை என்னைத் தாங்கவில்லை. கம்பியும் வளையங்களும் திரையும் நானும் ஒன்றாக வந்து சோபாவில் விழுந்தோம். அரக்குப் பட்டின் மேல் பூப்போட்ட திரையும் சேர்ந்து, நான் ஒரு பெரிய பலகாரப் பொட்டலம் போலக் கிடந்தேனாம். "அய்யோ, சேச்சி போயி!" என்று மெக்கானிக் ஏணியிலிருந்து அலறினார். கம்ப்ரஸருக்குச் சொன்ன அதே சொல்.

ஸ்டெல்லா தண்ணீரும் கரண்டியுமாக ஓடி வந்து என் உதட்டில் வைத்தார். கண் தெரியவில்லை, காது பாதி அடைத்திருந்தது, கை கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் வாய் கேட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"அம்மா, வாயத் திறங்கம்மா!" ஜெபினின் குரல் உடைந்தது.

"ம்ஹூம்."

"ஏட்டி மெர்சி, குடிச்சுத் தொலை. செத்துக் கித்துப் போவாதே" என்று என் கணவர் என்னை உலுக்கினார்.

"ம்ஹூம்."

"பல்லக் கடிச்சிட்டு இருக்காவளே, பிட்ஸ் வலிப்பா இருக்குமோ?" என்றார் வின்சென்ட்.

"பிட்ஸ் இல்ல தம்பி, பிடிவாதம்" என்றார் என் கணவர். முப்பது வருடத் தாம்பத்தியத்தின் சாரம் அது.

கதவு ஒன்று அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. யாரோ ஓடிப்போன மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் மறுபடி கதவு திறந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு யாரோ என் பக்கத்தில் முழங்காலிட்டார்கள்.

"அம்மா, அப்பா, எல்லாரும் பெட்ரூமுக்குப் போங்க. அங்கிள், நீங்களும். ஜெபின், நீயும்தான். அண்ணன், நிங்களும்." மெக்கானிக்கும் போனார். ஏணி அசைந்தது கேட்டது.

பிறகு அந்தக் குரல் என் காதருகில் தணிந்தது.

"ஆன்ட்டி, இது எங்க வீட்டு வெள்ளம் இல்ல. கீழ கடையில வாங்குனது. பாருங்க, மூடி கூட உடைக்கல்ல. இத குடிச்சா சம்மதம்னு ஆவாது."

ஒரு கண்ணைத் திறந்தேன். கடைத் தண்ணீர் பாட்டில். மூடியின் வளையம் அறுபடாமல் இருந்தது. அதைப் பிடித்திருந்த கையிலிருந்து வியர்வை சொட்டியது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கி ஓடி, அந்த வெயிலில் தெருவைக் கடந்து, படியேறி வந்திருக்கிறாள்.

மூடி உடைகிற சத்தம் கேட்டது. குடித்தேன். குடித்தேன் என்பது நாகரிகச் சொல். தோள் வழியாக, பட்டின் வழியாக, திரையின் வழியாகக் குடித்தேன்.

"பைய ஆன்ட்டி, பைய. ஒரு மொடக்கு குடிச்சிட்டு நிப்பாட்டுங்க." பாட்டிலைப் பிடுங்கி, இன்னொன்றைக் கொடுத்தாள். "இது லபான். நம்ம மோருதான். உப்பு வேணும் உங்களுக்கு. இதுவும் கடையில உள்ளதுதான்."

நனைத்த துண்டு ஒன்றை என் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். நான் துண்டைப் பார்த்தேன்.

"துண்டு எங்க வீட்டதுதான். ஆனா அது குடிக்கியது இல்லல்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் லபான் மூக்கில் ஏறியது. அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றி, சுரிதாரின் பருத்தித் துப்பட்டாவால் துடைத்து மாட்டிவிட்டாள். அன்று முதல்முறையாக அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். சிவந்து, வியர்த்து, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லலாம் ஆன்ட்டி. எங்களுக்குச் சங்கடமாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு நீங்க தாகத்தோட இருக்கண்டாம். போன வருசம் ஜெபினும் இப்பிடித்தான், சைட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லாம நின்னு நின்னு..." நிறுத்திக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. ஐந்து வருடமாக அவன் எனக்குச் சொன்னது ஒரே வாக்கியம்தான். 'நான் ஏசியிலதான்மா இருக்கேன்.'

அவள் தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னாள். கட்டட வேலை நடக்கிற இடத்தில் மயங்கி விழுந்திருக்கிறான். கிளினிக்குக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். டிரிப் ஏற்றியது இவள்தான். அவன் கண் விழித்ததும் கேட்டது, 'எங்க அம்மாவுக்கு யாரும் போன் பண்ணலியே?' அதற்குப் பிறகுதான் கோயிலில் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எத்தனையோ வருடங்களாக நாள் தவறாமல் வானிலை எழுதுகிறவள் நான். நாகர்கோவிலில் சாரல் அடித்ததும், காற்று திசை மாறியதும், மேகம் மூடி வெயில் மங்கியதும் எல்லாம் எழுதியிருக்கிறேன். என் பிள்ளை நிற்கிற இடத்தின் வெயிலை ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் ஏசி என்றான். நான் நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு புறப்பட்டோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. வின்சென்ட் லிஃப்ட் வரை வந்தார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, "உடம்பப் பாத்துக்கிடுங்க அக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. சட்டப்படி நான் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு முழு உரிமை மீதமிருந்தது. அந்தப் பெண் தெருவுக்கு ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த உரிமை அது.

காரில் கொஞ்ச தூரம் போனோம். பிறகு என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி, ஒரு விசயம். நீ கோவப்படப்பிடாது."

"என்ன?"

"முகம் கழுவப் போனேன்லா. அப்பம் குழாயில குடிச்சாச்சு."

ஜெபின் பிரேக்கை மிதித்தான்.

"பச்சத்தண்ணியா?" என்றேன்.

"எங்க பச்சத்தண்ணி? மாடியில டேங்க் வெயில்ல காயுதுல்லா, குழாயத் திறந்தா வெந்நிதான் வருது. ஊதி ஊதிக் குடிச்சேன். ரெண்டு கை."

"அவங்க வீட்டுக் குழாய்."

"அவங்க வீட்டுக் குழாய்தான்."

அன்று மதியம் நான் உயிரைப் பணயம் வைத்து உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது, எங்கள் குடும்பத்தின் சம்மதம் பாத்ரூமில் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. இன்றுவரை எங்கள் வீட்டில் இதைச் சொல்லாத விசேஷம் இல்லை. புது ஆள் யாராவது ஜெபினிடம் கல்யாணம் எப்படி அமைந்தது என்று கேட்டால், "அப்பா குழாயடியில பேசி முடிச்சாரு" என்பான். ஸ்டெல்லா ஊருக்கு வரும்போதெல்லாம் என் கணவருக்கு மட்டும் வெந்நீரை ஆற்றாமல் கொடுப்பார்.

ஆனால் நான் சம்மதித்தது அந்தக் குழாயால் அல்ல. வீட்டுக்கு வந்து ஜெபினிடம் கேட்டேன்.

"விழுந்தத ஏம்லே சொல்லல?"

"சொன்னா திரும்பி வரச் சொல்லுவீங்க."

"சொல்லுவேன்தான்."

"வருவேன்மா. எப்பம்னு தெரியாது." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முன்னாடி அஞ்சு வருசம்னு சொன்னது, நீங்க அழாம இருக்கதுக்கு."

முடியும் என்று சொன்னால் பொய்யாகிவிடும் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவன் எங்கே இருப்பான் என்பது என் கையில் இல்லை. அந்த வீட்டு வாசலில் மெக்கானிக்கிடம் இதை நானே சொல்லியிருந்தேன், நம்பாமல். அவன் தாகத்தை மறைத்தால் கண்டுபிடிக்கிற ஆள் ஒருத்தி பக்கத்தில் இருப்பாளா இல்லையா என்பது மட்டும் என் கையில் இருந்தது.

பிரிவு பிரிவுதான். அந்த அறையை இனியும் கூட்டித் துடைப்பேன். அதற்காக அவனை வெயிலில் தனியாக நிறுத்த முடியாது.

மறுநாள் சனிக்கிழமை. எழுந்து பல் தேய்த்தேன். காப்பி வைக்கவில்லை. நாட்குறிப்பைத் தொடவில்லை. ஜெபினின் போனை எடுத்து ஸ்டெல்லாவை அழைத்தேன்.

"என்ன அக்கா, உடம்புக்கு என்ன?" குரலில் பதற்றம்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. காலத்த என்ன பலகாரம் வைக்கப் போறீங்க?"

"ஆப்பத்துக்கு மாவு கலக்கி வச்சிருக்கேன். ஏன் அக்கா?"

"எங்க மூணு பேருக்கும் சேத்து சுடுங்க. குளிச்சிட்டு வாறோம்."

அந்தப் பக்கம் கரண்டி ஒன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. அது எனக்கானதாக இல்லை.

"ஏட்டி அனிஷா, எந்திரிட்டி! தேங்காயத் திருவு! உனக்க மாமி சாப்பிட வாறாவ!"